கல் இருந்த இடத்தில் எலுமிச்சம்பழம்

புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளிடம் முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி. முப்பத்தைந்து வருடம் மதுரையில் கார் மெக்கானிக்காக இருந்துவிட்டு, முட்டி தேய்ந்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருவன் இப்படிச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் புகைந்தால் நான் பயப்பட மாட்டேன். நடுரோட்டில் படுத்துவிட்ட வண்டிக்கும் பயப்பட மாட்டேன். மாதக்கணக்கில் ஓடாமல், ஹேண்ட் பிரேக் இழுத்தபடியே ஒரு இடத்தில் நின்ற வண்டியைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

அப்படி நின்ற வண்டி பார்க்கச் சாதுவாக இருக்கும். உள்ளே சக்கரத்தோடு சுற்றும் டிரம்மும் அதை அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூவும் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு தள்ளினாலும் அசையாது. வீட்டுக்காரர் உங்களைக் கூப்பிட்டு, "ஒரு தட்டு தட்டி விடுங்கண்ணே, போதும்" என்பார். நீங்களும் ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். நானும் அப்படிப் போனவன்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் தல்லாகுளத்தில் ஒரு வக்கீலின் கார் மழைக்காலம் முழுக்க மரத்தடியில் நின்று பிரேக் பிடித்துக்கொண்டது. எனக்கு இளரத்தம். கியரைப் போட்டு எஞ்சினை உறும வைத்து, முன்னும் பின்னும் உலுக்கி, டமார் என்று ஒரு சத்தத்தோடு விடுவித்துவிட்டேன். வக்கீல் கைகொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார். நூறு கஜம் போய் முதல் தடவை பிரேக்கை மிதித்ததும் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் இளநீர் வண்டியில் மோதியது. நல்லவேளை, இளநீர்க்காரர் அந்தப் பக்கம் இல்லை. நான் உலுக்கிய உலுக்கில் ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் பட்டை பிய்ந்து டிரம்முக்குள் உருண்டுகொண்டிருந்திருக்கிறது. எங்கள் ஒர்க் ஷாப் முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த லைனிங் துண்டை எடுத்துவந்து, நான் சாப்பிடத் திறந்து வைத்திருந்த டிபன் பாக்ஸின் மூடியில் வைத்துவிட்டுப் போனார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகு எத்தனையோ வண்டிகளுக்குப் பிரேக் விடுவித்தேன். எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அதுதான் கெடுதல். ஒழுங்காக நடக்க நடக்க மனிதனுக்குப் பயம் விட்டுப்போகிறது. எனக்கும் விட்டுப்போயிருந்தது, நான்கைந்து வருடங்களுக்கு முன்பு விளாங்குடியில் அந்த வீட்டுக்குப் போகும் வரை.

அந்த வீட்டுக்காரர் முருகேசன் துபாயில் வேலை பார்த்தார். இருபது மாதம் கழித்து அன்று சாயங்காலம் நாலு மணிக்கு மதுரை விமான நிலையத்தில் இறங்குகிறார். அவர் மனைவி வசந்தா தல்லாகுளத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். முருகேசனின் தம்பி கதிருக்கு வயது முப்பது இருக்கும், அவரும் அதே வீட்டில்தான். அண்ணனுக்கே தெரியாமல் அவருடைய சொந்தக் காரிலேயே போய் அழைத்து வந்து அசத்த வேண்டும் என்பது இவர்கள் திட்டம். விமான நிலையத்திலிருந்து அப்படியே டி. கல்லுப்பட்டிக்குப் போய் அம்மாவையும் பார்த்துவிட்டு வருவதாக ஏற்பாடு. காலையில் வண்டியை எடுக்கப் பார்த்தால் பின்சக்கரம் இரண்டும் சுற்றவில்லை. எனக்குப் போன் வந்தது.

"வாராவாரம் ஸ்டார்ட் பண்ணி விட்டுட்டுத்தாண்ணே இருந்தேன்," என்றார் கதிர். "கழுவாம விட்டதே கிடையாது. பாருங்க, எப்படிப் பளபளன்னு இருக்குன்னு."

பளபளப்பாகத்தான் இருந்தது. நகர்த்தாமல் நிறுத்திய வண்டியின் மேல் வாராவாரம் குழாயைத் திருப்பி, தண்ணீரை டிரம்முக்குள் அனுப்பி, ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தாமலே வைத்திருந்திருக்கிறார்கள். பாசத்தில் செய்த வேலை. என்ன சொல்ல முடியும்?

"பொண்டாட்டி நல்லா இருக்காளான்னு அப்புறம்தாண்ணே கேப்பாரு," என்று வசந்தா சிரித்தார். "போன எடுத்ததும் கார் எப்படி இருக்குன்னுதான் மொதக் கேள்வி."

வீட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. மழைக்குக் கண்மாய்த் தண்ணீர் தெருவுக்குள் வந்துவிடும் என்று பயந்து வீட்டை மூன்றடி உயர்த்திக் கட்டியிருந்தார்கள். கார் நிற்கும் போர்ட்டிகோவிலிருந்து தெருவுக்குச் செங்குத்தாக ஒரு சிமெண்டுச் சரிவு. கார் மூக்கு வீட்டைப் பார்த்து, முதுகு தெருவைப் பார்த்து நின்றது. பின்சக்கரம் இரண்டும் சரிவு தொடங்கும் விளிம்பில் இருந்தன.

நான் செய்திருக்க வேண்டியது என்ன என்று எனக்கு மனப்பாடம். முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல். கியரில் வண்டி. பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைத் திறந்து பார்த்துத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். வண்டிக்குப் பின்னால் ஒரு ஈ காக்கா நிற்கக் கூடாது. அன்று மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. ஒர்க் ஷாப்பில் வேறு இரண்டு வண்டிகள் காத்திருந்தன. வீடு கட்டும்போது மிஞ்சிய கருங்கல் இரண்டு சுவரோரம் கிடந்தன. அவற்றைத் தூக்கி வந்து பின்சக்கரம் இரண்டுக்கும் பின்னால் முட்டுக் கொடுத்தேன். ஹேண்ட் பிரேக்கை விடுவித்தேன். கதிரையும் சேர்த்துக்கொண்டு தள்ளிப் பார்ப்பதற்காகக் கியரை நியூட்ரலில் போட்டேன். அசையவில்லை. கியரைத் திரும்பப் போடவில்லை. மறதி என்று சொல்ல மாட்டேன். கல் இருக்கிறதே என்ற தெம்பு.

இடது சக்கரம் பத்து நிமிடத்தில் விட்டது. டிரம்மின் விளிம்பில் கட்டை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி, கடைசியில் டக் என்று ஒரு சின்னச் சத்தம். இனி வண்டியைப் பிடித்துக்கொண்டிருப்பது வலது சக்கரத்தின் துருவும் இரண்டு கல்லும்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வலது பக்கம் போய், பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால், இடுப்பு வரை காருக்கு அடியில் நுழைந்து படுத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தேன். பக்கத்தில் இருந்த என் இரும்புப் பெட்டி நடக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று கதிர் அதைக் காலால் சக்கரத்துக்குப் பின்பக்கம் தள்ளிவிட்டுப் போன் பேசப் போய்விட்டார்.

வசந்தாவின் குரல் மேலிருந்து வந்தது. "அண்ணே, இன்னிக்கிப் புதன்கிழமை. பன்னெண்டுக்கு ராகு காலம் பொறந்துரும். கெளம்பறது மூணு மணியானாலும் பழத்த இப்பவே வச்சிரட்டா?"

"வைங்கம்மா," என்றேன். தட்டுவதை நிறுத்தவில்லை.

தம்பிகளே, நான் எலுமிச்சம்பழம் வைப்பதைப் பார்க்காதவன் இல்லை. புது வண்டிக்கு, நின்று எடுக்கும் வண்டிக்கு, ஆயுத பூஜைக்கு என்று எத்தனை சக்கரங்களின் கீழ் பழம் நசுங்குவதைப் பார்த்திருக்கிறேன். வண்டி எந்தப் பக்கம் போகுமோ அந்தப் பக்கம், சக்கரத்தை ஒட்டித்தான் பழத்தை வைப்பார்கள். இந்த வண்டி பின்னால்தான் போக வேண்டும். பழம் வைக்கிற இடத்தில் என் கல் இருக்கிறது. இவ்வளவும் எனக்குத் தெரியும். "வைங்கம்மா" என்று சொன்ன வாய்க்கு மட்டும் அது தெரியவில்லை.

வசந்தா இரண்டு கல்லையும் நகர்த்திப் பத்திரமாகச் சுவரோரம் வைத்திருக்கிறார். அந்த இடத்தைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, வலது சக்கரத்துக்கு ஒரு பழம் வைத்துவிட்டு இடது சக்கரத்துக்குப் பின்னால் போய்க் குந்தியிருக்கிறார். என் சுத்தியல் சத்தத்தில் கல் இழுபடும் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

வலது பிரேக் விட்டபோது சத்தம்கூட வரவில்லை. சுத்தியல் பட்ட இடம் விலகிப் போனது. அவ்வளவுதான். நான் தட்டிக்கொண்டிருந்த சக்கரம் என்னை விட்டுப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. கல் தடுக்கும் என்று ஒரு நொடி காத்திருந்தேன். பழம் நசுங்கும் சத்தம் கேட்டது. வண்டி நிற்கவில்லை. அப்போதுதான் புரிந்தது. கத்த வேண்டும் என்று நினைத்தேன். கத்தவில்லை. அடியில் படுத்திருக்கிறவன் என்ன செய்ய முடியும்? கையால் டயரைப் பிடித்தேன். ஒரு டன் வண்டியை ஒரு கையால். வெட்கமாக இருக்கிறது, ஆனால் பிடித்தேன்.

பிறகு இரும்பு நெரியும் சத்தம் கேட்டு வண்டி நின்றது.

என் பெட்டி. கதிர் காலால் தள்ளிய பெட்டி வலது டயருக்கும் தரைக்கும் நடுவே சிக்கிச் சப்பையாகிக் கிடந்தது. நான் வைத்த இடத்திலேயே அது இருந்திருந்தால் என் விலாவுக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கும். அதை அங்கே வைத்தது என் அனுபவமும் இல்லை, புத்தியும் இல்லை.

அந்தப் பக்கத்திலிருந்து வசந்தாவின் குரல் வந்தது. "என்னண்ணே, சொல்லாம எடுத்துட்டீங்க?"

வெளியே வந்து சுற்றிக்கொண்டு ஓடினேன். பம்பர் தள்ளியதில் அவர் சரிவில் பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் குங்குமச் சிமிழ். முகத்தில் பயமே இல்லை. "பழம் நல்லா நசுங்கிருச்சுண்ணே," என்றார். எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. "சேலை மாட்டிக்கிருச்சு."

சேலையின் கீழ்க்கரை இடது டயருக்கு அடியில் இருந்தது. டயருக்கும் அவர் பாதத்துக்கும் நடுவே என் நாலு விரல்தான் போகும்.

"அசையாதீங்கம்மா," என்றேன். "தயவுசெஞ்சு அசையாதீங்க." என் குரலைக் கேட்டுக் கதிர் ஓடி வந்தார். கல் இரண்டையும் திரும்பக் கொண்டுவந்து சக்கரத்தோடு நெருக்கினோம். வண்டியைக் கியரில் போட்டேன். முன்சக்கரத்துக்கும் செங்கல் கொடுத்தேன். அதன் பிறகுதான் பையிலிருந்து ஜாக்கியை எடுத்தேன். காலையிலேயே எடுத்திருக்க வேண்டிய ஜாக்கி. டயரை அரை அங்குலம் தூக்கிச் சேலையை உருவிய பிறகு, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். முன்சக்கரத்தைப் பார்த்தேன். வண்டி இன்னும் மூன்று முழம் உருண்டிருந்தால் அது என் மேல் ஏறியிருக்கும். அதை நினைத்துக்கூடப் பயம் வரவில்லை. அந்த நாலு விரல் இடைவெளியைத் தவிர வேறு எதுவும் கண்ணில் நிற்கவில்லை.

வீட்டில் ஒரே சந்தோஷம். வண்டி நகர்ந்துவிட்டது, ராகு காலத்துக்கு முன்பே பழமும் நசுங்கிவிட்டது. காபி வந்தது. குடிக்காமல் தம்ளரையே நான் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்த கதிர், "வெயிலு அண்ணே, ஃபேனுக்கடியில உக்காருங்க," என்றார். நடந்தது என்ன என்று அந்த வீட்டில் என் ஒருவனுக்குத்தான் தெரியும்.

காபியைக் குடித்துவிட்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்து பிரேக் பெடலை மிதித்தேன். முதலில் கெட்டியாக நின்றது. மிதித்த காலை எடுக்காமல் வைத்திருந்தேன். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கித் தரையைத் தொட்டது. எங்கோ பிரேக் ஆயில் கசிகிறது. பிரேக் விட்டுவிட்டது என்றால் பிரேக் பிடிக்கும் என்று அர்த்தமில்லை. இந்த ஒரு வரியை மட்டும் நீங்கள் மறக்காமல் இருந்தால் போதும்.

"இன்னிக்கி இந்த வண்டிய எடுக்க முடியாது தம்பி," என்றேன். "டிரம்மைத் தொறந்து பாக்கணும். ரெண்டு நாளாகும்."

கதிருக்கு முகம் மாறியது. "இப்பத்தான நகந்துச்சு. ஹேண்ட் பிரேக் இருக்குல்ல. நாப்பதுக்கு மேல போக மாட்டேன், மெதுவாப் போயிட்டு வாரேன்."

"பெடல் இறங்குது. லாரி போற ரோடு. வண்டி நின்னாத்தான் உசிரு."

"நீங்க எல்லாருமே இப்படித்தாண்ணே. ஒண்ணுக்குக் கூப்பிட்டா ஒம்பது வேலை சொல்லுவீங்க. பழைய பெடல் அப்படித்தான் இருக்கும்."

வசந்தாவும் சமாதானமாகப் பேசினார். "சகுனம் நல்லாருக்குண்ணே. அவரு பாவம், இருவது மாசமாச்சு. இன்னிக்கி ஒருநாள் போயிட்டு வந்துர்றோம். நாளைக்கே ஒங்க கையில கொடுத்துர்றேன்."

சிலிண்டர் கசிகிறது என்றேன், லைனிங் பிய்ந்திருக்கும் என்றேன், தல்லாகுளத்து இளநீர் வண்டியைப் பற்றிக்கூடச் சொன்னேன். எதுவும் ஏறவில்லை. மெக்கானிக் பிகு பண்ணுகிறான் என்றுதான் அவர்களுக்குப் பட்டது. சாவி கதிர் கையில் இருந்தது. வண்டி அவர்களுடையது. என் கடமைக்குச் சொல்லியாயிற்று, இனி அவர்கள் பாடு என்று நெளிந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் கிளம்பியிருக்கலாம். கிளம்பவும் செய்தேன். வாசல் வரை போனேன்.

உண்மையைச் சொல்கிறேன், அப்போது நான் பயந்தது அவர்களுக்காக மட்டும் இல்லை. இவர்களை நிறுத்த என்னிடம் ஒரே ஒரு பேச்சுதான் பாக்கி இருந்தது. அதைச் சொன்னால் கதிர் என்னை அடிக்கக்கூடும். விளாங்குடி முழுக்கப் பரவும். முப்பது வருடப் பெயர் ஒரு மதியத்தில் போய்விடும். சொல்லாமல் போனால் யாருக்கும் எதுவும் தெரியாது. வாசலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

திரும்பி வந்தேன். "தங்கச்சி, அந்த வண்டிய நான் எடுக்கல," என்றேன். "அது தானா உருண்டுச்சு. நீங்க எடுத்த ரெண்டு கல்லுதான் வண்டியப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. எடுக்காதீங்கன்னு நான் சொல்லியிருக்கணும். வைங்கன்னு சொன்னேன். கியர்ல போட்டிருக்கணும், போடல. ஒங்களப் பின்னால விட்டதே தப்பு. அந்தப் பெட்டி அங்க கெடக்காட்டி இந்நேரம் நீங்க வண்டிக்கு அடியில கெடப்பீங்க. என்னால எதுவும் செஞ்சிருக்க முடியாது."

வசந்தா குனிந்து சேலையின் கீழ்க்கரையைப் பார்த்தார். டயரின் கட்டம் கட்டமான அச்சு கறுப்பாக விழுந்திருந்தது. அதைக் கையால் தேய்த்துப் பார்த்தார். பிறகு டயர் நின்ற இடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

கதிர் ஒரு அடி எடுத்து வைத்தார். அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு வசந்தா கேட்டார். "இத ஏன்ணே சொன்னீங்க? எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"சொல்லாட்டி நீங்க வண்டிய எடுத்துட்டுப் போயிருப்பீங்க."

அவர் கொழுந்தனிடமிருந்து சாவியை வாங்கி என் கையில் கொடுத்தார். "கதிரு, டாக்சிக்குப் போனப் போடு," என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

மறுநாள் காலை முருகேசன் ஒர்க் ஷாப்புக்கே வந்தார். நெடுநாள் கழித்து ஊருக்கு வந்தவர் முகத்தில் தூக்கமே இல்லை. எல்லார் முன்னாலும் கேட்டார். "எம்பொண்டாட்டியக் கொல்லப் பாத்தீங்களே, நீங்கள்லாம் ஒரு மெக்கானிக்கா?" நான் தலையை நிமிர்த்தவில்லை. அவர் கேட்டது சரி. பிறகு, "வந்து வேலையை முடிங்க," என்றார். "வேற ஆளக் கூப்பிட்டா அவன் தப்புப் பண்ணினா எங்கிட்டச் சொல்ல மாட்டான்."

செய்ய வேண்டியதையெல்லாம் இந்தத் தடவை செய்தேன். டிரம்மைத் திறந்தபோது வலது சிலிண்டர் ஆயிலில் குளித்திருந்தது. இடது ஷூவில் லைனிங் பாதி பிய்ந்து தொங்கியது. முருகேசன் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். எல்லாப் பாகமும் மாற்றி, ஆயில் மாற்றி, மூன்றாம் நாள் காலையில்தான் வண்டியைச் சக்கரத்தில் இறக்கினேன். பெடல் கல் மாதிரி நின்றது.

வசந்தா வாசல்படியில் இருந்து இறங்கவில்லை. கையில் இரண்டு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார். வண்டியைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "நீங்களே வச்சிருங்கண்ணே," என்று பழத்தை நீட்டினார்.

வண்டி கியரில் இருந்தது. ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தது. முன்சக்கரத்துக்குக் கல் இருந்தது. எல்லாவற்றையும் நானேதான் செய்திருந்தேன். ஆனாலும் போய் இன்னொரு முறை பார்த்துவிட்டு, பின்னால் வந்து, இடது சக்கரத்துக்கு எதிரே அவர் குந்திய அதே இடத்தில் குந்தினேன். அத்தனை வருடத்தில் எத்தனையோ கார்களுக்கு அடியில் படுத்திருக்கிறேன், ஒன்றின் பின்னால் இப்படிச் சரிவில் உட்கார்ந்து பார்த்ததில்லை. பம்பர் என் நெஞ்சுக்கு நேரே இருந்தது. டயர் என் தலை உயரத்துக்கு வந்தது. மேலே வானம்கூடத் தெரியவில்லை. பழத்தை வைக்கக் கை நீளவே இல்லை.